ஒரே திராட்சை, ஆறு கிளாஸ்: போஜொலே ஒயினைச் சுவைத்து அறிவது எப்படி?

சிவப்பு ஒயின் என்றால் இனிக்கும். செர்ரி மணக்கிறது என்று சொன்னால் உள்ளே செர்ரிச் சாறு கலந்திருப்பார்கள். கருங்கல் பூமியில் விளைந்த ஒயினில் கல்லின் சுவை இறங்கியிருக்கும். பிரான்சின் போஜொலே வட்டாரத்து ஒயின் என்றால் நவம்பரில் மட்டும் கடைக்கு வரும் மலிவுச் சரக்கு. ஒயின் பேச்சில் அடிக்கடி காதில் விழும் கருத்துகள் இவை. நான்குமே தவறு. நான்கையும் ஒரே மாலையில், ஆறு கிளாஸ்களை வரிசையாக வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

அதற்குத்தான் வழிகாட்டிச் சுவைப்பு. விஷயம் தெரிந்த ஒருவர் எந்த ஒயின் முதலில், எது பிறகு என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றிலும் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்வார். மற்றவர்கள் முகர்ந்து, வாயில் வைத்துப் பார்ப்பார்கள். யார் அதிகமான பழங்களின் பெயரைச் சொல்கிறார்கள் என்ற போட்டியாக இதை மாற்றிவிடுபவர்கள் உண்டு. உண்மையில் இது ஒரு எளிய சோதனை: ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மாற்றாமல் வைத்தால் ருசி எப்படி மாறுகிறது?

பிரான்சின் எல்லா வட்டாரங்களிலும் இந்தச் சோதனை சுலபமல்ல. போர்தோவில் கபர்னே சோவிஞோன், மெர்லோ என்று பல திராட்சைகளைக் கலப்பார்கள். ரோன் பள்ளத்தாக்கின் தெற்கில் கலப்பு இன்னும் அதிகம். எது எதனால் வந்தது என்று புதிதாக வருபவருக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. போஜொலேயில் சிவப்பு என்றால் நடைமுறையில் கமே என்ற ஒரே திராட்சைதான். திராட்சை மாறாததால், கிளாஸுக்குக் கிளாஸ் தெரியும் வித்தியாசம் மூன்று இடங்களிலிருந்துதான் வரவேண்டும்: செய்முறை, நிலம், வயது.

வட்டாரமும் திராட்சையும்

லியோன் நகருக்கு வடக்கே, சோன் ஆற்றுக்கு மேற்கிலுள்ள குன்றுகளில், மாகோன் பக்கம் வரை ஏறத்தாழ 55 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது போஜொலே. லியோனுக்குள் மூன்று ஆறுகள் ஓடுகின்றன, ரோன், சோன், போஜொலே என்று அந்த ஊரில் ஒரு பழைய கேலி உண்டு. அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் ‘போ’ என்ற 46 சென்டிலிட்டர் புட்டியில் ஒயின் வைப்பார்கள். கவிழாமல் நிற்க அடிக்கண்ணாடி தடிமனாக இருக்கும்.

கமேக்கு ஆரம்பத்தில் நல்ல பெயர் இல்லை. 1395-இல், போஜொலேக்கு வடக்கிலுள்ள பர்கண்டியின் கோமகன் துணிவுமிக்க பிலிப், இந்தக் கொடியைத் தன் நாட்டுத் தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறிய ஆணையிட்டார். கமே ஏராளமாகக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும். அதனாலேயே குடியானவர்கள் அதை விரும்பினார்கள். ஏராளமாகக் காய்த்தால் சாறு நீர்த்துவிடும். அதனாலேயே கோமகனுக்கு அது ஆகவில்லை. அவருடைய ஆணை எட்டாத தெற்குக் குன்றுகளில் கமே நிலைத்தது. அங்கே அதற்கு வாய்த்த மண்தான் கதையை மாற்றியது.

போஜொலேயின் வடபாதி பெரும்பாலும் கிரானைட் என்ற கருங்கல். மேலே மெல்லிய மணல், கீழே உதிர்ந்துகொண்டிருக்கும் பாறை, சத்துக் குறைவு. அடங்காமல் காய்க்கும் கொடிக்கு இது இயற்கையான கடிவாளம். தென்பாதியில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த வளமான மண். அங்கே வீடுகள்கூடப் பொன்மஞ்சள் நிறக் கல்லால் கட்டப்பட்டவை. தெற்கின் ஒயின் இலேசாகவும் பழமணமாகவும் இருக்கும், வடக்கினது அடர்த்தியாக இருக்கும் என்பது பொதுவிதி. விதிவிலக்குகள் நிறைய உண்டு.

லேபிளில் வரும் பெயர்கள் இந்த நிலவரத்தை ஒட்டியவை. நாம் புவிசார் குறியீடு என்று சொல்வதைப் போல, எல்லையும் விதிகளும் சட்டத்தால் வகுக்கப்பட்ட பெயரை பிரெஞ்சில் ‘அப்பலாசியோன்’ என்பார்கள். போஜொலேயில் இவை மூன்று படிகள். அடிப்படையில் வெறும் ‘போஜொலே’. அதற்கு மேல் 38 ஊர்களுக்கு உரிய ‘போஜொலே-வில்லாஜ்’. உச்சியில் பத்து ‘க்ரூ’க்கள். க்ரூ என்பது தன் பெயரிலேயே ஒயினை விற்கும் உரிமை பெற்ற தனி நிலப்பகுதி. வடக்கிலிருந்து தெற்காகச் சொன்னால் சாந்த்-அமூர், ஜூலியேனா, ஷேனா, மூலான்-ஆ-வான், ஃப்ளெரி, ஷிரூபிள், மோர்கோன், ரேன்யே, ப்ரூயி, கோட் த ப்ரூயி. ரேன்யே கடைசியாக 1988-இல் சேர்ந்தது.

கடையில் பலரும் தடுமாறுவது இங்கேதான். க்ரூ புட்டியில் ‘மோர்கோன்’ என்று பெரிதாக இருக்கும்; போஜொலே என்ற சொல் இல்லாமலே போகலாம், கமே என்பதும் இருக்காது. போஜொலே மட்டம் என்று முகம் சுளிக்கும் ஒருவர், அது போஜொலே என்றே தெரியாமல் மோர்கோனைப் புகழ்ந்து குடிப்பது சாதாரணமாக நடக்கும்.

இதுவரை: திராட்சை ஒன்று, மண் இரண்டு வகை, லேபிளில் மூன்று படி. இனி தொட்டிக்குள் போகலாம்.

சர்க்கரை எங்கே போகிறது?

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே நொதித்தல். லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 13 சதவீத ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் அளவுக்குச் சர்க்கரை செலவாகிறது. போஜொலேயில் நொதித்தல் முடியும்வரை விடுகிறார்கள். மிஞ்சுவது லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம்தான், நாக்குக்குத் தெரியாது. இப்படிச் சர்க்கரை தீர்ந்த ஒயினை ‘ட்ரை’ என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடுகளில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஊறவைக்கும் ஒயினைக் குடித்துப் பழகியவர்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது நிறம். கமேயின் தோல் கறுப்பு, சாறு வெளுப்பு. நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. துவர்ப்பு காம்பிலும் விதையிலும்கூட உண்டு. சாறு எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில், எப்படித் தோலோடு கிடக்கிறதோ அதைப் பொறுத்து ஒயின் மாறும். கட்டஞ்சாயா போடுவதோடு இதை ஒப்பிடலாம். ஒரே தேயிலையை இரண்டு நிமிடத்தில் வடிகட்டினால் மணம் தூக்கலாகவும் பாரம் இல்லாமலும் இருக்கும். பத்து நிமிடம் விட்டால் நாக்கு இழுத்துப் பிடிக்கும். ஒப்புமைக்கு மட்டுமல்ல, பயிற்சிக்கும் இது உதவும். தேயிலையில் துவர்ப்பைத் தருவதும் திராட்சைத் தோலில் இருப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள், பெயர் டானின். சுவைப்புக்கு முதல் நாள் சர்க்கரையும் பாலும் இல்லாமல் இப்படி இரண்டு கிளாஸ் டீ போட்டுக் குடித்துப் பாருங்கள். டானின் வாயில் என்ன செய்யும் என்பது பிடிபட்டுவிடும்.

முழுக் குலையோடு தொட்டியில்

வழக்கமான சிவப்பு ஒயினில் காம்பை நீக்கி, பழத்தை நசுக்கி, தோலும் சாறுமாக நொதிக்க விடுவார்கள். போஜொலேயின் மரபு வேறு. குலைகளைக் கையால் அறுத்து, காம்போடு, நசுக்காமல் அப்படியே தொட்டியில் நிரப்புகிறார்கள். மேலுள்ள பாரத்தில் அடியிலுள்ள பழங்கள் நசுங்கிக் கொஞ்சம் சாறு விடும். அந்தச் சாற்றில் ஈஸ்ட் வேலையைத் தொடங்க, கரியமில வாயு கிளம்பித் தொட்டியை நிரப்பும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் மூடிய தொட்டியிலிருந்து பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும்.

மேலே நசுங்காமல் கிடக்கும் பழங்களுக்கு இப்போது மூச்சுவிட வழியில்லை. அந்த நிலையில் பழத்தின் செல்கள் தம்மிடமுள்ள நொதிகளைக் கொண்டே சர்க்கரையின் ஒரு பகுதியை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்குகின்றன. ஈஸ்ட் இல்லாமலே பழத்துக்குள் இரண்டு சதவீதம் வரை ஆல்கஹால் சேரும். திராட்சையின் கடும் புளிப்புக்குக் காரணமான மாலிக் அமிலம் கணிசமாகக் குறையும். தோலின் நிறம் உள்பக்கமாகச் சதைக்குள் இறங்கும். நாலைந்து நாள் கழித்துத் தொட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிளந்தால், வெளுப்பாக இருக்க வேண்டிய சதை இளஞ்சிவப்பாக இருக்கும். வாயில் போட்டால் சோடாவைப் போலச் சுறுசுறுவென்று இருக்கும். கடைசியில் செல்கள் செத்துத் தோல் தளர்ந்து பழம் வெடிக்க, மிச்ச சர்க்கரையை ஈஸ்ட் முடித்துவைக்கும்.

தொட்டி பாதியளவு சாதாரண நொதித்தலிலும் பாதியளவு இந்த மூச்சடைத்த நிலையிலும் இயங்குவதால் இதற்கு ‘அரைக் கார்பானிக்’ முறை என்று பெயர். தொழில்முறையில் வெளியிலிருந்து வாயுவை அடித்து நிரப்புவதும் உண்டு. அது முழுக் கார்பானிக். தொட்டி திறக்கும் நாளில் வாயு முழுவதும் போகாமல் உள்ளே யாரும் தலையை நீட்டக் கூடாது. மயங்கி விழுந்து உயிர்விட்டவர்கள் ஒயின் ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

பிறகு பழங்களைப் பிழிவார்கள். அப்போது வடியும் பாதி நொதித்த, இன்னும் இனிக்கும், இளஞ்சூடான சாற்றுக்கு அந்த ஊரில் ‘பராடி’, அதாவது சொர்க்கம் என்று பெயர். அறுவடைக் காலத்தில் பிழியும் இடத்தில் நின்றால் மட்டுமே கிடைக்கும், புட்டியில் வராது.

இந்த முறையால் கிடைப்பது பழமணம் தூக்கலாக, நிறம் பளிச்சென்று, துவர்ப்பு குறைவாக உள்ள ஒயின். செர்ரி, ஸ்ட்ராபெரி மணங்கள் பழத்துக்குள்ளும் ஈஸ்டாலும் உருவாகும் சேர்மங்கள். யாரும் எதையும் கலப்பதில்லை. சில போஜொலேக்களில் வாழைப்பழம் மணக்கும். ஐசோஅமைல் அசிட்டேட் என்ற சேர்மம் அதற்குக் காரணம். வாழைப்பழத்தின் மணத்துக்கும் முக்கியக் காரணம் அதே சேர்மம்தான். குறிப்பிட்ட சில ஈஸ்ட் வகைகள் அதை அதிகமாக உண்டாக்கும். மணம் ஒன்றாக இருப்பது கற்பனை இல்லை, வேதியியல்.

எத்தனை நாள் தொட்டியில் என்பதுதான் அடுத்த கேள்வி. ‘நூவோ’ என்ற புத்தொயினுக்கு நாலைந்து நாள். க்ரூக்களுக்குப் பத்துப் பதினைந்து நாள், சில இடங்களில் அதற்கும் மேலே. மூலான்-ஆ-வானில் சிலர் காம்பை நீக்கி பர்கண்டி வழியில் செய்து ஓக் பீப்பாயில் வைப்பதும் உண்டு. சுவைப்பை நடத்துபவர் ஒவ்வொரு புட்டியின் செய்முறையையும் முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் தொட்டியில் நடந்ததை எல்லாம் மண்ணின் கணக்கில் எழுதிவிடுவோம்.

நூவோ என்பது எது?

அறுவடையான அதே ஆண்டு நவம்பரில் விற்கப்படும் புத்தொயின்தான் போஜொலே நூவோ. 1951-இல் இந்த முன்விற்பனைக்கு முறையான அனுமதி வந்தது; 1985 முதல் நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை என்று நாள் நிலைத்தது. ஜார்ஜ் துபோஃப் போன்ற வணிகர்கள் அதை உலகத் திருவிழாவாக்கினார்கள். ஜப்பானில் அதற்குப் பெரிய சந்தை உண்டு.

‘போஜொலே’, ‘போஜொலே-வில்லாஜ்’ என்ற இரண்டு படிகளில் மட்டுமே நூவோ செய்யலாம். க்ரூக்களில் செய்யக் கூடாது. ஆகவே நூவோவைக் குடித்துவிட்டு போஜொலே இவ்வளவுதான் என்று முடிவுகட்டினால், நாம் பார்த்தது ஒரு ஓரத்தை மட்டும். சிலர் நூவோவை முற்றாக வெறுப்பதும் சரியல்ல. செய்முறை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒயின் இல்லை. நம் வரிசையில் முதல் கிளாஸ் அதுதான்.

வாய்க்குள் மூன்று வேலை

சுவைக்கத் தொடங்கும் முன் மூன்றைப் பிரித்தறிய வேண்டும்: புளிப்பு, துவர்ப்பு, மணம். புளிப்பு வந்தால் எச்சில் ஊறும், முக்கியமாக நாக்கின் ஓரங்களில். துவர்ப்பு வந்தால் எச்சில் வற்றியதுபோல் இருக்கும். எச்சிலிலுள்ள புரதங்களோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வழுவழுப்புப் போய், ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் சொரசொரக்கும். புதியவர்கள் இரண்டையும் சேர்த்து ‘கடுப்பாக இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார்கள். துப்பிவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். வாய் நனைகிறதா, காய்கிறதா? பதில் அங்கே இருக்கிறது.

மணத்துக்கு ஒரு சோதனை. மூக்கை விரல்களால் இறுக்கப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். புளிப்பும் கொஞ்சம் துவர்ப்பும் சூடும் மட்டும் தெரியும். பழம் என்று எதுவும் இருக்காது. விழுங்காமல் மூக்கை விட்டு, மூச்சை மெல்ல மூக்கு வழியே வெளியேற்றுங்கள். செர்ரி சட்டென்று வந்து நிற்கும். பழ ‘ருசி’ என்று நாம் சொல்வது தொண்டையின் பின்வழியே மூக்குக்குப் போகும் மணம். இனிப்பே இல்லாத ஒயின் இனிப்பதுபோல் தோன்றுவதும் இதனால்தான்: பழுத்த பழத்தின் மணத்தோடு மூளை இனிப்பையும் சேர்த்துக்கொள்கிறது.

ஒவ்வொரு கிளாஸுக்கும் முறை ஒன்றே. வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைப் பாதிச் சாய்த்து விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயதானது. அடுத்து, ஆட்டாமல் ஒரு முறை முகருங்கள். பிறகு கிளாஸைச் சுழற்றி மறுபடி முகருங்கள். நீண்ட இழுப்பு வேண்டாம், இரண்டு மூன்று குட்டி இழுப்புகள் போதும். மூக்கு சீக்கிரம் சலித்துப்போகும். மணம் மங்கினால் அரை நிமிடம் விட்டுவிடுங்கள். வாயில் இரண்டு தேக்கரண்டி அளவு எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளிழுத்து, வாய் முழுக்கப் பரப்பி, ஐந்து முதல் பத்து விநாடி வைத்துத் துப்புங்கள். துப்பிய பிறகும் மணம் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் அந்த விநாடி ஒன்றை ஒரு ‘கோதலி’ என்று கணக்கிடுவார்கள்.

துப்புவது அநாகரிகம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. துப்பவென்றே மேஜையில் பாத்திரம் வைத்திருப்பார்கள். ஆறு கிளாஸ், ஒவ்வொன்றும் 50 மில்லி என்றால் மொத்தம் 300 மில்லி. முழுவதையும் விழுங்கினால் அதிலுள்ள ஆல்கஹால் நம்மூர் 30 மில்லி பெக் மூன்றுக்குச் சமம். நாலாவது கிளாஸிலேயே எல்லா ஒயினும் அருமை என்று தோன்ற ஆரம்பித்துவிடும். சோதனை அங்கேயே முடிந்தது.

மேஜையில் சரியாக வைக்க வேண்டியவை

750 மில்லி புட்டி ஒன்றில் 50 மில்லி வீதம் 15 பேருக்கு ஊற்றலாம். பத்துப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் இரண்டாம் முறை பார்க்க மிச்சம் இருக்கும். வாய் குறுகிய, துலிப் வடிவக் கண்ணாடி கிளாஸ் வேண்டும். சுவைப்புக்கென்றே வரையறுத்த சர்வதேசத் தர அளவு கிளாஸ் ஏறத்தாழ 215 மில்லி பிடிக்கும். அதில் 50 மில்லிதான் ஊற்றுவார்கள், மீதி இடம் மணம் சேர்வதற்கு. விளிம்பு வரை ஊற்றினால் சுழற்றவும் முடியாது, முகரவும் முடியாது. அலமாரி வாசனையும் சோப்பு வாசனையும் கிளாஸில் தங்கும். வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் நிமிர்த்திக் காயவைப்பது நல்லது.

அதிகம் கெடுவது சூட்டில்தான். சிவப்பு ஒயினை ‘அறைச் சூட்டில்’ கொடு என்ற பழைய அறிவுரை, குளிர்ந்த கல்வீட்டு அறைகளுக்குச் சொன்னது. 30 டிகிரி அறையில் கமேயை ஊற்றினால் ஆல்கஹால் ஆவிதான் முதலில் மூக்கில் ஏறும். பழம் அழுகியதுபோல் இருக்கும். நூவோவும் எளிய போஜொலேயும் 11 முதல் 13 டிகிரி, க்ரூக்கள் 13 முதல் 15. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டி 5 டிகிரியில் இருக்கும். அதை உடனே ஊற்றினால் மணம் மூடிக்கிடக்கும், துவர்ப்பு கூடித் தெரியும். அரைமணி வெளியே வைத்து, சமையல் வெப்பமானி இருந்தால் ஒரு கிளாஸில் ஊற்றி அளந்து பாருங்கள். ஒயின் சூடாகிவிட்டால் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் பத்து நிமிடம்.

ஊதுவத்தி, மல்லிகை, சென்ட் எல்லாம் அந்த அறைக்கு வெளியே. பல் துலக்கியவுடன் சுவைத்தால் எல்லாம் கசக்கும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மேஜையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். மிளகாய் காரம் வாயில் இருந்தால் ஆல்கஹால் எரியும், டானின் உறைக்கும். சாப்பாட்டோடு குடிப்பதென்றால், துவர்ப்பு குறைந்த கமே மற்றச் சிவப்புகளைவிடக் காரத்தைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது சுவைப்பு முடிந்த பிறகு.

ஆறு கிளாஸ், இந்த வரிசையில்

இலேசானது முன், கனமானது பின். தலைகீழாக வைத்தால் இரண்டாவது கிளாஸ் தண்ணீர் மாதிரி இருக்கும்.

முதலாவது நூவோ. நவம்பரிலிருந்து சில மாதங்களே கிடைக்கும். இல்லையென்றால் மிக இளைய எளிய போஜொலே. ஊதா விளிம்பு, வாழைப்பழமோ மிட்டாயோ மணக்கும் மூக்கு, துவர்ப்பு ஏறக்குறைய இல்லை. நாக்கில் சின்ன முள் குத்தல் இருந்தால் அது மிச்சக் கரியமில வாயு. கிளாஸை வேகமாகச் சுழற்றினால் போய்விடும்.

இரண்டாவது போஜொலே-வில்லாஜ், நூவோ அல்லாதது. தொட்டியில் கூடுதல் நாள், பாட்டிலில் அடைக்கும் முன் கூடுதல் மாதங்கள். மிட்டாய் மணம் பின்வாங்கிப் பழம் முன்வரும். ஈறில் முதன்முறையாகக் கொஞ்சம் பிடிப்பு தெரியும். இந்த இரண்டு கிளாஸுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் செய்முறை.

மூன்றாவது ஷிரூபிள் அல்லது ஃப்ளெரி. ஷிரூபிள் பத்து க்ரூக்களில் மிக உயரமானது, அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும், புளிப்பு நிற்கும். ஃப்ளெரி இளஞ்சிவப்புக் கிரானைட் மண். பூ மணத்துக்குப் பேர்போனது. வாயில் இலேசு, ஆனால் வில்லாஜைவிட நீளம். கோதலியை எண்ணிப் பார்த்தால் தெரியும்.

நான்காவது மோர்கோன், முடிந்தால் கோட் து பி என்ற குன்றிலிருந்து. நீலச் சாயல் கொண்ட, நொறுங்கிவிழும் பாறை மண். செர்ரி கறுத்து, கொட்டையின் பருப்பு வாசனையும் சேரும். மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்து மாற்றி மாற்றிக் குடியுங்கள். செய்முறையும் ஆண்டும் ஒத்த இரண்டு புட்டிகளைத் தேடிப் பிடித்திருந்தால், இந்த இடைவெளிதான் நிலம். மாலை முழுவதிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுதான்.

ஐந்தாவது இளைய மூலான்-ஆ-வான். அந்தப் பெயரில் ஊர் கிடையாது. ரோமனேஷ்-தோரான் ஊரில் நிற்கும் பழைய காற்றாலையின் பெயர் அது. வரிசையிலேயே அதிக டானின். முதல் கிளாஸையும் இதையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே திராட்சை என்பதைச் சிலர் நம்ப மறுப்பார்கள்.

ஆறாவது அதே மூலான்-ஆ-வான், அல்லது ஒரு மோர்கோன், எட்டுப் பத்து வயதானது. டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்வதால் துவர்ப்பு மென்மையாகியிருக்கும்; விளிம்பு செங்கல் நிறம்; பழம் உலர்ந்து, காய்ந்த இலை, காளான் மணம். நூவோ இவ்வளவு காலம் தாங்காது, தாங்கச் செய்யப்பட்டதும் அல்ல.

சுருங்கச் சொன்னால்: ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே செய்முறை, மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே நிலம், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே வயது.

கல்லின் சுவை வருமா?

வராது. வேர் உறிஞ்சுவது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும். கிரானைட்டுக்கென்று ஒரு சுவை திராட்சை வழியே கிளாஸுக்கு ஏறிவருவதில்லை. நிலம் வேறு வழியில் வேலைசெய்கிறது. மெல்லிய மணல் மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது. கொடி குறைவாகக் காய்க்கும், பழம் சிறுக்கும், சாற்றுக்குத் தோல் அதிகமாகும். சரிவின் திசையும் உயரமும் வெயிலைக் கூட்டிக் குறைக்கும். மூலான்-ஆ-வான் மண்ணில் மாங்கனீசு அதிகம். அது ஒயினில் சுவையாக வருவதில்லை. கொடியின் வளர்ச்சியை மட்டுப்படுத்தி விளைச்சலைக் குறைக்கிறது, அதனால் பழம் செறிவாகிறது என்பதே அங்குள்ளவர்கள் தரும் விளக்கம். ‘ஈரக்கல் மணம்’ என்று யாராவது சொன்னால் அதை ஓர் உவமையாக எடுத்துக்கொள்ளலாம், நிலவியல் அறிக்கையாக வேண்டாம்.

புட்டி கெட்டிருந்தால்

ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க்கில் குறை. டி.சி.ஏ. என்ற சேர்மத்தின் துளியளவே பழமணத்தை அமுக்கிவிடும். காத்திருந்தாலும் போகாது, புட்டியை மாற்றுங்கள். அழுகிய முட்டையோ தீக்குச்சி கொளுத்திய வாடையோ வந்தால் பதறவேண்டாம். மூடிய தொட்டியில் காற்றுப்படாமல் செய்த ஒயின்களில் இது வரும். இரண்டு நிமிடம் சுழற்றினால் பெரும்பாலும் கலைந்துவிடும். வினிகர் நெடி, நகப்பாலிஷ் நெடி இரண்டும் திருந்தாது. ஆறு வகைக்கு ஏழு புட்டி வாங்குவது அனுபவசாலிகளின் வழக்கம். உபரியாக வாங்க வேண்டியது ஆறாவது வகையில்: பழைய புட்டியில்தான் ஆபத்து அதிகம், அதுவே சுலபத்தில் மறுபடி கிடைக்காததும்.

உண்மையிலேயே தெரிகிறதா?

லேபிளைப் பார்த்தபின் வித்தியாசம் தெரிவது பெரிய காரியமில்லை. அதனால் கடைசியில் ஒரு பரீட்சை. ஒருவருக்குத் தெரியாமல் மூன்று கிளாஸில் ஊற்றுங்கள்: இரண்டில் மோர்கோன், ஒன்றில் ஃப்ளெரி, அல்லது மாற்றி. மூன்றின் சூடும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். எது ஒற்றை என்று மட்டும் கேளுங்கள். பெயர் கேட்க வேண்டாம். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், ஒரு தடவை சொல்லிவிட்டதைக் கணக்கில் எடுக்காமல் நான்கைந்து சுற்று நடத்துங்கள். நூவோவையும் மூலான்-ஆ-வானையும் வைத்து நடத்தினால் எல்லாரும் தேறிவிடுவார்கள். இரண்டு க்ரூக்களை வைத்து நடத்தும்போதுதான் மேஜை அமைதியாகும்.

மிஞ்சியதைக் கார்க்கை இறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் இளைய ஒயின்கள் இரண்டு மூன்று நாள் தாங்கும்; மோர்கோன் மறுநாள் இன்னும் நன்றாக இருப்பதும் உண்டு. பழைய புட்டியை மட்டும் அன்றிரவே முடித்துவிட வேண்டும். திறந்த சில மணி நேரத்திலேயே அதன் மணம் இறங்கத் தொடங்கிவிடும்.